கேசரியின் ஆறு நாள் விரதம்

உளுந்து மூட்டையின் மேல் மிளகளவில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. எங்கள் கடையில் காலை வேளையில் எல்லோர் நெற்றியிலும் குங்குமம் இருக்கும். அதுதான் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு அது வழுவழுவென்று இழுபட்டது. முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போன இறைச்சியின் நாற்றம்.

அந்த மூட்டையின் மேல் படுப்பது கேசரி மட்டும்தான்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள சைவக் கடையில் பதினெட்டு வருடமாக மா அரைக்கிறேன். கேசரி எங்கள் கடைப் பூனை. நிறத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. சாமான் அறைக்குள் எலி வராமல் காப்பது அதன் வேலை. அதற்கு அப்போது ஆறு வயது இருக்கும்.

உங்கள் வீட்டுப் பூனை தட்டுவரை ஆசையாக வந்து, முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதென்றால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அதன் வாயைப் பாருங்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த இரத்தத்தைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கந்தசஷ்டி தொடங்கியது.

எங்கள் கடைக்கு எதிர்வீட்டு வாசலில் தினமும் காலையில் சுனில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். பேலியகொடைச் சந்தையிலிருந்து மீன் கொண்டு வந்து விற்கிறவன். வந்ததும் கேசரிக்கு ஒரு சாளை மீனை எறிவான். கேசரி அதற்காகவே விடியும் முன்னரே கடை மதிலில் ஏறி இருக்கும். அன்றைக்கு மீன் விழுந்தது. கேசரி இறங்கிப் போய் முகர்ந்தது. பிறகு திரும்பிக் கடைக்குள் வந்துவிட்டது.

உள்ளே ரீச்சர் இருந்தார். மாடி வீடு ஒன்றில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும்தான் எடுப்பார். தன் டம்ளரில் மிஞ்சிய பாலை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வைத்தார். கேசரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல மெல்ல நக்கிக் குடித்தது.

"இஞ்ச பாருங்கோ! மீனை விட்டிட்டு வந்து பால் குடிக்கிறார் கேசரியார். கந்தசஷ்டி எண்டு இவருக்கு ஆர் சொன்னது?" என்றார் ரீச்சர்.

பக்கத்து மேசையில் இருந்தவர், "அப்ப அவருக்கும் காப்புக் கட்டி விடுங்கோவன் ரீச்சர். வெங்காயம் இல்லாத வடை எப்பிடி இறங்குமெண்டு எனக்குத்தான் தெரியேல்லை" என்றார்.

கல்லாவில் இருந்த முதலாளி விடவில்லை. "வாயில்லாச் சீவனே விரதம் பிடிக்குது. உமக்கு ஆறு நாளைக்கு வெங்காயத்தை விடேலாமல் கிடக்கோ?"

கடை முழுவதும் சிரித்தது. ரீச்சர் உண்மையாகவே ஒரு மஞ்சள் நூலைக் கேசரியின் கழுத்தில் தளர்வாகக் கட்டிவிட்டார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழுங்கும் ஒவ்வொரு முறையும் கண் சுருங்கியது. தாடையிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. முதுகு மயிர் பல நாள் நக்கிச் சுத்தம் செய்யாததால் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. துணியில் ஒட்டிய அந்த நாற்றம் என் விரலில் இன்னும் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அப்போது ரீச்சர் என்னைப் பார்த்து, "எல்லாம் ராசுவின்ர வளர்ப்பு" என்றார்.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். கதைக்கக் கூச்சம். பதினெட்டு வருடத்தில் வாடிக்கையாளர் யாரும் என்னைத் தேடி அரைக்கிற இடத்துக்கு வந்ததில்லை. அந்த வாரம் வந்தார்கள். விரதம் பிடிக்கும் பூனையைத் தொலைபேசியில் படம் எடுத்தார்கள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அந்த நாட்கள் எனக்கு நன்றாக இருந்தன. எழுத வெட்கமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையால் யாருக்கும் பயன் இல்லை.

மூன்றாம் நாள் சுனில் மதில் ஓரமாக என்னைக் கூப்பிட்டான். அவன் எறிந்த மீனுக்கு முன்னால் கேசரி உட்கார்ந்து முன்னங்காலால் தன் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அய்யே, பூசாட்ட அசனீபயி" என்றான். அண்ணே, பூனைக்குச் சுகமில்லை என்று சிங்களத்தில் சொன்னான்.

"இல்லை மல்லி, அது விரதம்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். மல்லி என்றால் தம்பி.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "பூனை எங்கே அய்யே விரதம் இருக்கும்? அதுக்கு யார் சாமி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்டது வேடிக்கைக்கு என்றாலும் எனக்குச் சுருக்கென்றது. விரதம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் தெரியாமல் சொன்னார்கள். நான் தெரிந்து சொன்னேன்.

கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அதன் ஈறில் வைக்கலாமா என்று அன்றைக்கு யோசித்தேன். பல்வலிக்கு எங்கள் வீடுகளில் அதுதான் மருந்து. நல்ல காலம், அது வாயைத் திறக்கவிடவில்லை. கராம்பு எண்ணெய் பூனைக்கு நஞ்சு என்று பிறகு டாக்டர் சொன்னார். நாம் காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடுமாம். வீட்டு வைத்தியம் எதையும் செய்யவேண்டாம்.

ஐந்தாம் நாள் கேசரி பாலையும் விட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் முகத்தைத் தொங்கவிட்டபடி வெகுநேரம் இருந்தது.

"பாலையும் விட்டிட்டார்! இனி இவருக்கு மிளகும் தண்ணியும்தான்" என்றார் ரீச்சர். கடும் விரதக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அவர் குரலில் கேலி இருக்கவில்லை. கண் கலங்கியிருந்தார்.

நானும் அந்த ஆறு நாளும் ஒருபொழுது உணவுதான். ஆனால் எனக்குப் பொழுது பட்டால் சோறு இருந்தது.

ஏழாம் நாள் காலை பாறணை (விரதத்தை முடிக்கும் சாப்பாடு). கடையில் இடமில்லை. ரீச்சர் ஒரு சின்ன வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, நெய், நொறுக்கிய அப்பளம் எல்லாம் வைத்துத் தரையில் வைத்தார். "வாருங்கோ கேசரியார், விரதம் முடிஞ்சுது."

கேசரி வந்தது. பசி அதை இழுத்துக்கொண்டு வந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வாய் கவ்வியது. அடுத்த கணம் யாரோ காலை மிதித்ததுபோல அலறியது. பின்பக்கமாகவே ஓடிக் கதிரைக் காலில் மோதி, இரண்டு முன்னங்கால்களாலும் வாயைப் பிறாண்டியது. இலையில் சோற்றின்மேல் இரத்தம் தெறித்திருந்தது.

தொலைபேசிகளை உயர்த்தியவர்கள் இறக்கிக்கொண்டார்கள்.

"மிளகாய் கிளகாய் கடிச்சிட்டுதோ?" என்றார் ரீச்சர்.

"மிளகா இல்லீங்க. வாயில புண்ணு. வெரதத்துக்கு மொத நாளே ரத்தத்தப் பாத்தேங்க."

என் குரல் கடையின் முன்பக்கத்தில் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். "முதல் நாளே பாத்தனியோ? பிறகு ஏனடாப்பா வாய் திறக்கேல்லை?"

இரண்டு காய்கறிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கட்டி, கேசரியை உள்ளே வைத்து, முச்சக்கர வண்டியில் ஏறினேன். ரீச்சரும் ஏறினார். பாறணைச் சாப்பாடு அவருடைய இலையில் அப்படியே கிடந்தது.

கிருலப்பனைப் பக்கத்திலுள்ள மிருக வைத்தியசாலையின் மர வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் நாய்கள் குரைத்தன. வெகுநேரம் கழித்து ரீச்சர் கேட்டார்.

"ஏன் ராசு, நீர் எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க ரீச்சர்."

"அதுக்காக?"

"எனக்கும் சந்தோசமா இருந்திச்சுங்க" என்றேன். அவர் கூடையின் இடைவெளியால் ஒரு விரலை விட்டுக் கேசரியின் காதைத் தடவினார்.

டாக்டர் ஒரு சிங்களப் பெண். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. சிங்களத்திலும் தமிழிலுமாகக் கதைத்தோம். கேசரியின் உதட்டை அவர் மெதுவாகத் தூக்கினார். ஈறு முழுவதும், தொண்டை தொடங்கும் இடம்வரை, அரைத்த செத்தல் மிளகாய் மாதிரி சிவந்து பொங்கியிருந்தது. அந்தச் சிவப்பு விழுதை நான் தினமும் பார்க்கிறவன். அதை ஒரு வாய்க்குள் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

நாட்பட்ட வாயழற்சி (ஈறும் வாயின் உட்சதையும் மாதக்கணக்காக வீங்கிப் புண்ணாகி இருப்பது) என்றார். பல்லின்மேல் படியும் அழுக்கைச் சில பூனைகளின் உடம்பு எதிரியாக நினைத்துவிடுமாம். அதை எதிர்த்துச் சண்டை பிடித்துப் பிடித்துத் தன் சதையையே புண்ணாக்கிக்கொள்ளுமாம். சில வேளை வைரசும் காரணமாக இருக்கும், பார்ப்போம் என்று இரத்தம் எடுத்தார்.

பிறகு காதின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. வாயைவிட அவசரமான விஷயம் அதுதான். பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியும். ஈரல் வேலை செய்யாமல் நின்றுவிடும். பட்டினியே தனி நோயாகிவிடும்.

"இந்த நூல் என்ன?" என்று கழுத்தைக் காட்டிக் கேட்டார்.

நான் ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் தரையைப் பார்த்தார். நானே முழுவதையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. நூலைக் கத்தரித்து என் கையில் தந்தார்.

"பூனை சும்மா பட்டினி இருக்காது," என்றார் தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "பட்டினி இருந்தா எங்கயோ நோவு. நோவு எண்டா அது கத்தாது. ஒளிச்சு வைக்கும்."

"பிழைக்குமா டாக்டர்?" என்று ரீச்சர் கேட்டார்.

"இன்றைக்குச் சொல்ல முடியாது" என்றார்.

நான்கு நாள் கேசரி அங்கே இருந்தது. காலில் சேலைன். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதனூடாகத் திரவ உணவு கொடுத்தார்கள். காலை மா அரைத்து முடித்ததும் ஓடுவேன். முதல் இரண்டு நாளும் அது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தது. மூன்றாம் நாள் கூண்டுக் கம்பியில் தலையை ஒருமுறை உரசியது. தாதி, "இன்றைக்குத்தான் அப்படிச் செய்தது" என்றார். ஈரல் பரிசோதனை அளவும் அன்றைக்குச் சற்று இறங்கியிருந்தது. வைரஸ் இல்லை என்றும் வந்தது.

வீட்டுக்கு விட்டபோது வலி மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக விடக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு மணிக்கூடு பார்த்துப் பழக்கமில்லை. காலை முதல் ஈடு மா அரைத்ததும் ஒருமுறை, பின்னேரத்து ஈடு முடிந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். மருந்தைப் பிந்தவிடவேண்டாம். மருந்து தீரும் நேரத்தில் அது மூட்டையின் பின்னால் போய் ஒளிப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

இரண்டு வாரத்தின் பின் பல்லைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். சிவப்பு குறையவில்லை. கன்னப் பற்கள் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். நான் பயந்துவிட்டேன். பல்லில்லாமல் பூனை எப்படி வாழும்? அவர் பொறுமையாகச் சொன்னார். வலிக்கும் பல்லோடு இருப்பதைவிட, பல்லில்லாமல் இருப்பது அதற்கு எவ்வளவோ சுகம். பெரும்பாலான பூனைகள் தேறிவிடும். சிலவற்றுக்குப் பின்னாலும் மருந்து தேவைப்படும். எதையும் மறைக்காமல் சொன்னதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கடையில் வந்து சொன்னேன்.

"பல்லில்லாத பூனையால எனக்கென்ன பிரயோசனம் ராசு? எலியை ஆர் பிடிக்கிறது?" என்றார் முதலாளி.

"அதுக்குப் பல்லு இல்லேங்கிறது எலிக்குத் தெரியாதுங்களே முதலாளி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ்வளவு காலமும் உன்ர வாய் எங்கயடா கிடந்தது?"

வைத்தியசாலையில் ஒரு தாள் தந்தார்கள். மயக்க மருந்தில் ஆபத்து இருக்கலாம், சம்மதமா என்று கேட்கும் தாள். டாக்டர் வாசித்து விளக்கினார். கீழே, பூனை யாருடையது என்று ஓர் இடம் விட்டிருந்தது. முதலாளியின் பெயரை எழுதுவதா என்று யோசித்தேன். பிறகு என் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினேன். எழுத்துக் கோணலாக வந்தது.

அன்றைக்கு வாங்கில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். எனக்குத் தெரியாமலே என் நாக்கு என் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது. நான் வருடக்கணக்காக இடது பக்கத்தால் மட்டும் மெல்வதை அப்போதுதான் கவனித்தேன். வலது கடைவாயில் ஒரு சொத்தைப் பல். அது வலிப்பதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு போய் அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

பற்களை எடுத்தபின் வேர்த்துண்டு எதுவும் உள்ளே மிஞ்சவில்லையா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே நின்றுவிட்டால் புண் ஆறாது. கோரைப் பற்கள் நான்கும் முன்பற்களும் நல்ல நிலையில் இருந்ததால் விட்டுவைத்தார்கள்.

இனி வேறொரு சிக்கல். மென்மையான சத்துள்ள சாப்பாடு வேண்டும். அவித்த மீனை முள் நீக்கி மசித்துக் கொடுக்கச் சொன்னார்கள். எங்களுடையதோ சைவக் கடை. தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டேன்.

"மதிலுக்கு இஞ்சால மீன் வரக்கூடாது. சட்டி, அகப்பை, ஒண்டும் வரக்கூடாது" என்றார். பிறகு பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, "மதிலுக்கு அங்கால நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை" என்றார்.

எதிர்வீட்டு அம்மா சாளையை அவித்துத் தந்தார். மதிலுக்கு வெளியே ஒரு தட்டைக் கல்லை வைத்து, அதில் சிரட்டையால் மசித்தேன். முதல் நாள் கேசரி கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பாடு என்றால் வலி என்று அதன் உடம்பு பழகியிருந்தது. விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினேன். நாக்கு நுனியால் தொட்டது. பின்வாங்கி, வலிக்காகக் காத்திருந்தது. வலி வரவில்லை. திரும்பவும் நக்கியது. அப்போது அதன் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம் அது உளுந்து மூட்டையின்மேல் உட்கார்ந்து தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். நோயுள்ள பூனை முதலில் விடுவதும் சுகமானால் கடைசியில் திரும்பப் பிடிப்பதும் இதைத்தான். அடுத்த மாதம் சுனிலின் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சுனில் துரத்தவில்லை. இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "அய்யே, சாமி விரதத்தை விட்டிட்டார்!" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினான்.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தொண்டை ஓரத்தில் ஒரு சிறு சிவப்பு இன்னும் இருக்கிறது. இடைக்கிடை மருந்து கொடுக்கிறோம். ஞாயிறுதோறும் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். எலிகள் இன்றுவரை வரவில்லை.

இந்த வருடக் கந்தசஷ்டியின் முதல் நாள் ரீச்சர் பால் டம்ளரோடு மதில் பக்கம் வந்தார். நான் மதிலுக்கு வெளியே குந்தியிருந்து மீன் மசித்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு மஞ்சள் நூல் இருந்தது.

"கேசரியார் இந்த முறை விரதம் பிடிக்கேல்லையோ?"

"இல்லீங்க ரீச்சர். பசிக்குதுன்னு சொல்லுது."

"ஆருக்குச் சொன்னவர்?"

"எனக்குத்தாங்க."

ரீச்சர் சிரித்தார். நூலைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டார். "எங்க, வாயைக் காட்டச் சொல்லும் பாப்பம்" என்றார். நான் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். மீன் வாடைக்குச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, குனிந்து, பாடக்கொப்பி திருத்துவதுபோல ஒரு பக்கம் பார்த்தார். மறு பக்கமும் பார்த்தார். பிறகுதான் போனார்.

அன்றைக்கு எனக்கும் விரதம். மீனின் மணத்தில் வயிறு இழுத்தது. ஆனால் பொழுது பட இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். போன வருடம் அந்த ஆறு நாளும் கேசரிக்கு அது தெரிந்திருக்காது. எப்போது முடியும் என்று தெரியாத பசியில் அது என் பக்கத்திலேயே படுத்திருந்தது.

கேசரி கல்லைச் சுத்தமாக நக்கி முடித்து, என் விரலையும் நக்கியது. அதன் மூச்சு என் கையில் பட்டது. அதில் மீன் வாடை மட்டும்தான் இருந்தது.